படுக்கைக் கோடு

சொர்ணாம்பாளுக்கு அந்த டிவியில் இரண்டு இடங்கள் தெரியும். வலப்பக்கம், காற்றுத் துளைகளுக்குக் கீழே உள்ளங்கையால் தட்டினால் படம் வரும். இடப்பக்கம் பின்மூலையில் தட்டினால் படம் மேலிருந்தும் கீழிருந்தும் சுருங்கி, திரையின் நடுவில் ஒரு வெள்ளைக் கோடாகப் படுத்துவிடும். சத்தம் மட்டும் போகாது. அடுத்த அறையில் இருப்பவர்களுக்கு டிவி நன்றாக ஓடிக்கொண்டிருப்பதாகவே தோன்றும்.

டிவிக்கு எதிரே கட்டிலில் அவள் கணவர் ஆவுடைநாயகம் கிடந்தார். வாதம் வந்ததில் வலக்கையும் வலக்காலும் போயிருந்தன. பேச்சும் போயிருந்தது. மிஞ்சியது ஒரு சொல். அதை வைத்துக்கொண்டுதான் அவர் தண்ணீர் கேட்டார், திரும்பிப் படுக்க வேண்டும் என்றார், கோபப்பட்டார், அழுதார்.

“கோடு.”

சிந்துபூந்துறையில் அவர்களுடைய வீடு ஆற்றுக்குப் போகும் தெருவில் இருக்கிறது. ஒரு காலத்தில் தாமிரபரணிக்கரையில் வயல் இருந்த குடும்பம். ஆவுடைநாயகம் தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அந்தத் தெருவில் முதலில் டிவி வாங்கியது அவர்தான். அப்போது கறுப்பு வெள்ளை. மொட்டைமாடியில் உயரமான குழாய் நட்டு, உச்சியில் ஆண்டெனா கட்டி, இலங்கையின் ரூபவாகினியைப் பிடித்தார். கடல் தாண்டி வரும் படம் சில நாள் வரும், சில நாள் வராது. வந்தாலும் பாதி நேரம் புள்ளிகளாகச் சிதறும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆண்டெனாவைத் திருப்பச் சொல்லி சொர்ணாம்பாளை மாடிக்கு அனுப்பினார். அவள் குழாயைப் பிடித்ததும் கீழே படம் தெளிந்தது. கையை எடுத்தாள், சிதறியது. மறுபடி பிடித்தாள், தெளிந்தது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. அவருக்குத் தெரிய வேண்டியதும் இல்லை. அதற்குப் பிறகு கிரிக்கெட் நடக்கும் நாட்களில் அவள் இடம் மொட்டைமாடி ஆயிற்று. அலுவலக நண்பர்கள் வந்து கூடத்தில் உட்கார்வார்கள். அவள் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு மேலே போய்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கை வலித்து லேசாக விட்டால் கீழேயிருந்து குரல் வரும்.

“ஏட்டி, கைய எடுக்காத.”

நண்பர்கள் சிரிப்பது கேட்கும். ஒரு ஆட்டத்தைக்கூட அவள் பார்த்ததில்லை.

ஒரு பங்குனி மாதம் அப்படி நின்றுகொண்டிருந்தபோது தெருமுனை மரக்கடைக்காரர் வீட்டுக்கு வந்துவிட்டுப் போவதை மேலேயிருந்து பார்த்தாள். அந்தத் தெருவில் போன் அவர் கடையில் மட்டும்தான் இருந்தது. தூரத்துச் சொந்தம் யாராவது பேசியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். ஆட்டம் முடிந்து நண்பர்கள் கிளம்பிய பிறகு கீழே வந்தாள். வெயிலில் காய்ந்த குழாயைப் பிடித்திருந்த உள்ளங்கைகள் சிவந்திருந்தன. ஆவுடைநாயகம் டிவியை அணைத்துவிட்டு, சாத்தான்குளத்தில் அவளுடைய அம்மா இறந்துவிட்டதாகச் சொன்னார். எப்போது தகவல் வந்தது என்று கேட்டாள்.

“ஆட்டம் முடியட்டும்னு இருந்தேன். போனவ எந்திரிச்சா வரப்போறா?”

அவள் சாத்தான்குளம் போய் இறங்கியபோது அம்மாவை எடுத்துவிட்டிருந்தார்கள். குளிப்பாட்டிய தண்ணீர் முற்றத்தில் இன்னும் காயாமல் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்தாள். அதைப் பற்றி அவள் பிறகு பேசியதில்லை. அவர் மறந்துபோனார்.

கறுப்பு வெள்ளை டிவி போய்க் கலர் டிவி வந்தது. கேபிள் வந்ததும் ஆண்டெனாவைக் கழற்றிப் போட்டார்கள். குழாய் மட்டும் நின்றது, அவள் அதில் கொடி கட்டித் துணி உலர்த்தினாள். ஊரெல்லாம் தட்டை டிவி வாங்கியபோதும் ஆவுடைநாயகம் மாற்றவில்லை. கலர் டிவி பெரியது, கனமானது, முதுகு பெருத்தது. தட்டை டிவியில் மனுசன் மூஞ்சி சுவரில் ஒட்டிய நோட்டீஸ் மாதிரி இருக்கிறது என்பார்.

வாதம் வந்து மூன்று மாதம் போல அவர் வாயிலிருந்து சத்தம் வந்ததே தவிரச் சொல் வரவில்லை. இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து டிவியைப் போட்டுவிட்டால் கிடப்பார். அப்படி ஒருநாள் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே படம் சுருங்கிக் கோடாகிவிட்டது. அவர் இடக்கையைத் தூக்கித் திரையைக் காட்டினார். தொண்டை இரண்டு முறை ஏறி இறங்கியது.

“கோடு,” என்றார்.

கோயம்புத்தூரில் இருக்கும் மகள் சங்கரிக்குப் போன் போட்டு அப்பா பேசிவிட்டார் என்று சொர்ணாம்பாள் சொன்னாள். சங்கரி அழுதாள். என்ன பேசினார் என்று கேட்டாள். கோடு என்றார் என்று சொன்னாள். டிவி கெட்டுப்போனதைச் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று அப்போது எதுவும் நினைக்கவில்லை, சொல்ல விட்டுப்போயிற்று, அவ்வளவுதான்.

மறுநாள் ஞானப்பிரகாசம் வந்தார். புன்னக்காயல்காரர். அவர் வீட்டில் எல்லாரும் கடலுக்குப் போனபோது இவர் தூத்துக்குடியில் ரேடியோ ரிப்பேர் படித்துவிட்டுப் பாளையங்கோட்டையில் கடை போட்டவர். இப்போது வீடுகளுக்குக் கண்காணிப்புக் கேமரா மாட்டுவதுதான் அவருக்குத் தொழில். இந்த டிவியை வாங்கியதிலிருந்து அவர்தான் பார்க்கிறார் என்பதால் வந்தார். வழக்கம்போலக் கொல்லைப்புறமாக வந்து, குழாயடியில் கைகால் கழுவிக்கொண்டு உள்ளே நுழைந்தார். அது ஆவுடைநாயகம் வைத்த முறை. மீன் வாடை வீட்டுக்குள் வரக் கூடாது என்பார். ஞானப்பிரகாசம் மீனைத் தொட்டுப் பல வருடம் ஆகிறது என்பது அவருக்கும் தெரியும். வேலை முடிந்து ஞானப்பிரகாசம் எழுந்ததும், அவர் வாசலைத் தாண்டும் முன்பே, அவர் உட்கார்ந்த தரையை ஈரத்துணியால் துடைக்கச் சொல்வார் ஆவுடைநாயகம்.

இந்த முறை துடைக்கச் சொல்ல வேண்டிய ஆள் பேச்சில்லாமல் கட்டிலில் கிடந்தது. ஞானப்பிரகாசம் டிவியின் முதுகைக் கழற்றி, போர்டை நிமிர்த்தி, ஒரு இடத்தைக் காட்டினார். படத்தை மேலும் கீழும் விரிக்கிற பகுதி அதுதான், அங்கே ஈயப் பற்று விட்டிருக்கிறது, போர்டிலேயே கீறல், வேறு போர்டு இப்போது எங்கும் கிடைக்காது என்றார். கம்பி வைத்துப் பற்றவைத்தார். மூடிய பிறகு இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்தார்.

“மறுபடியும் போனா இங்கன தட்டுங்கம்மா, வந்துரும். அங்கன தட்டிராதீங்க, போயிரும்.”

போகும்போது இன்னொன்றும் சொன்னார். கோடு விழுந்தால் உடனே அணைத்துவிட வேண்டும். முழுத் திரைக்கும் பரவ வேண்டிய வெளிச்சம் எல்லாம் அந்த ஒரு கோட்டிலேயே விழும். விட்டுவைத்தால் பிக்சர் டியூபு வெந்துபோகும். வெந்த தழும்பு பிறகு போகாது.

அவள் தலையாட்டினாள். கொல்லைத் திண்டில் அவருக்கென்று கவிழ்த்து வைத்திருக்கும் கண்ணாடி கிளாசில் காப்பி ஊற்றினாள். அவர் அண்ணாந்து குடித்துவிட்டுக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

சில நாள் கழித்துப் படம் தானாகவே குதித்தது. அவள் போய்த் தட்டினாள். பக்கம் மாறிவிட்டது. கோடு விழுந்தது. கட்டிலிலிருந்து அவர் கத்தினார், கோடு, கோடு என்று. வலப்பக்கம் தட்ட அவள் கை போனது. போய் நின்றது. டிவிக்குள்ளிருந்து கூட்டம் ஆரவாரம் செய்துகொண்டிருந்தது. அவர் முகம் சிவந்து, வாயோரம் எச்சில் வழிய, கை திரையை நோக்கி நீண்டிருந்தது. அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய் மிச்சமிருந்த வெண்டைக்காயை நறுக்கினாள்.

அதற்குப் பிறகு அவள் கிரிக்கெட் கற்றுக்கொண்டாள். காதால்தான். வர்ணனை செய்பவர் குரல் எப்போது ஏறும், ஏறினால் என்ன நடக்கப்போகிறது என்பது பழகிவிட்டது. ஆட்டம் சப்பென்று போகும்போது படத்தை விட்டுவைப்பாள். குரல் ஏறத் தொடங்கியதும் எழுந்து வருவாள். வளையல் சத்தம் கேட்டதும் அவர் கண் திரையை விட்டு அவள் கைக்கு வரும். இடப்பக்கம் ஒரு தட்டு. கோடு.

சில நாள் அவர் தண்ணீர் டம்ளரைக் காட்டுவார். சில நாள் படுக்கை நனைந்திருக்கும், அதைக் காட்டுவார். அவள் கோட்டைப் பார்ப்பாள், கோட்டுக்குப் பின்னால் ஓடும் சத்தத்தைக் கேட்பாள்.

“ஆட்டம் முடியட்டும்,” என்பாள்.

முதல் தடவை அப்படிச் சொன்னபோது அவருக்கு நினைவு வந்துவிடுமோ என்று முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது தடவை பார்க்கவில்லை.

மற்றபடி அவளைக் குறை சொல்ல யாராலும் முடியாது. வேளைக்குக் கஞ்சி, வேளைக்கு மாத்திரை. முதுகில் புண் வராமல் புரட்டிப் போட்டுப் பவுடர் போடுவாள். வந்து பார்த்த உறவுக்காரர்கள் சொர்ணத்தைப் போல உண்டா என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சாயங்காலங்களில் கோமதிசங்கர் வருவார். ஆவுடைநாயகத்தின் தம்பி, பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருக்கும் சுவருக்காக அண்ணன் அவர் மேல் வழக்குப் போட்டு, பல வருடம் நடத்தி, ஜெயித்து, தம்பியின் குளியலறையை இடிக்கவைத்தவர். அண்ணன் விழுந்த பிறகுதான் தம்பி இந்த வீட்டுப் படி ஏறத் தொடங்கினார். காப்பியை உறிஞ்சிக்கொண்டே கட்டிலருகே உட்கார்ந்து அண்ணனைப் பார்த்துக்கொண்டிருப்பார். அண்ணன் சொல்லும் சொல்லுக்கு அர்த்தம் கண்டுபிடித்தது அவர்தான். இந்தப் பக்கம் கோர்ட்டையும் கோடு என்றுதான் சொல்வார்கள்.

“அண்ணனுக்கு இன்னும் கோடு ஏறணுமாம் மயினி. எம்மேல போட்டாச்சு, ஜெயிச்சும் ஆச்சு. இனி யாரு மேல? உங்க மேலயா?”

அவள் சிரித்தாள். ஆவுடைநாயகம் தலையை ஆட்டினார், இல்லை இல்லை என்பதுபோல. டிவியைக் காட்டினார். டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது, முழுப் படமாக.

“பாத்தீங்களா, ஆமாங்காரு,” என்றார் கோமதிசங்கர்.

அந்த விளக்கம் தெருவில் பரவிவிட்டது. வாழ்நாளெல்லாம் கோர்ட்டு வாசலில் நின்ற மனுசனுக்குக் கடைசியில் அந்த ஒரு வார்த்தைதான் மிஞ்சியது என்று பேசிக்கொண்டார்கள். சங்கரி வீடியோ போனில் வரும்போதெல்லாம் சொர்ணாம்பாள் முதலில் வலப்பக்கம் தட்டிவிட்டு வந்து போனை எடுப்பாள். அவர் போனைப் பார்ப்பார், டிவியைக் காட்டுவார், சொல்லைச் சொல்வார். போனைத் திருப்பினால் டிவியில் படம் நன்றாக ஓடும். சங்கரி அங்கே தெரிந்த டாக்டர் ஒருவரிடம் கேட்டிருந்தாள். இந்த நோயில் கண் பார்க்கும், மூளை வாங்கிக்கொள்ளாது, இல்லாததெல்லாம் தெரியலாம் என்று அவர் சொல்லியிருந்தார்.

ஆவுடைநாயகத்துக்கு அதற்குப் பிறகு வேண்டியிருந்தது ஒன்றுதான். இன்னொருவர் அந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும். ஒரே ஒருமுறை. அது அவர் கண்ணிலேயே தெரிந்தது. யார் படியேறினாலும் கையை நீட்டித் திரையைக் காட்டினார். பால்காரியைக்கூட விடவில்லை.

ஆனித் திருவிழாவுக்கு லீவு போட்டுவிட்டுச் சங்கரி வந்தாள். வந்து கட்டிலோரம் உட்கார்ந்ததும் அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இடக்கைக்கு இன்னும் பலம் இருந்தது. குளிக்கப் போக வேண்டும் என்றாள், விடவில்லை. சாப்பிட வேண்டும் என்றாள், விடவில்லை. கடைசியில் அவள் தட்டைக் கட்டிலுக்கே கொண்டுவரச் சொல்லி, அப்பாவோடு உட்கார்ந்து டிவி பார்க்கத் தொடங்கினாள்.

சொர்ணாம்பாள் அடுக்களையில் இருந்தாள். அவள் தட்டாவிட்டாலும் அந்த டிவி சில சமயம் தானாகக் கோடாகும். இன்றைக்கு ஆகுமா என்று தெரியவில்லை. ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே டிவியின் சத்தத்தைக் கேட்டாள். சத்தத்தில் எதுவும் தெரியப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். மகளின் குரலுக்காகத்தான் காத்திருந்தாள்.

படம் மதியம் முழுவதும் அசையாமல் நின்றது. அவர் மகளின் கையை விடாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் மங்கி வரும் நேரத்தில் திரையில் வானமும் பனியும் காட்டினார்கள். திரை முழுக்க வெள்ளையாயிற்று.

“எம்மா, இங்க வா,” என்று கூப்பிட்டாள் சங்கரி.

சொர்ணாம்பாள் வந்து நின்றாள். சங்கரி எழுந்து போய்த் திரையில் விரலை வைத்தாள். நடுவில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, பழுப்பாக மெல்லிய தழும்பு ஒன்று இருந்தது. வெள்ளைப் படம் வந்தால் மட்டும் தெரிந்தது.

“கோடு,” என்றார் ஆவுடைநாயகம். கத்தவில்லை. பைய, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

சங்கரிக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்பா இத்தனை மாதமும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், மூளையெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, நாம்தான் பைத்தியம் போல வேறு என்னவோ நினைத்தோம் என்றாள். ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்க உடனே ஞானப்பிரகாசத்துக்குப் போன் போட்டாள்.

ஞானப்பிரகாசம் வந்தபோது கோமதிசங்கரும் வந்திருந்தார். கூடத்தில் எல்லாரும் சுற்றி நின்றார்கள். ஞானப்பிரகாசம் திரையைத் துடைத்துவிட்டுத் தழும்பைச் சாய்வாகப் பார்த்தார். எதையும் கழற்றவில்லை. அடுத்து டிவியின் இடப்பக்கம் பின்மூலைக்குப் போனார். சுற்றிலும் தூசி படிந்திருந்தது. தட்டக் கூடாது என்று அவர் சொல்லியிருந்த அந்த மூலையில் உள்ளங்கையளவு இடம் பளபளவென்று இருந்தது. அவர் நிமிர்ந்து சொர்ணாம்பாளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள்.

கட்டிலிலிருந்து ஆவுடைநாயகம் இருவரையும் பார்த்தார். அவர் மூச்சு வேகமாக ஓடியது. இந்த வீட்டு டிவியைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் வந்துவிட்டது. அவர் இடக்கையை உயர்த்தி ஞானப்பிரகாசத்தை நோக்கி நீட்டினார். கூப்பிடுவதுபோல இருந்தது, கும்பிடுவதுபோலவும் இருந்தது.

“கோடு.”

“ஆமாய்யா, கோடுதான்,” என்றார் ஞானப்பிரகாசம். சங்கரியின் பக்கம் திரும்பினார். “டியூபு பழசும்மா. பழசானா இப்பிடித் தழும்பு விழும். இதைத்தான் ஐயா சொல்லிக்கிட்டே இருந்திருக்காங்க. வேற ஒண்ணும் இல்ல.”

கோமதிசங்கர் முதலில் சிரித்தார். அண்ணன் என்றால் அண்ணன்தான், இந்த மயிரிழைக் கோட்டுக்கா இத்தனை ஆட்டம் என்றார். சங்கரியும் அழுதுகொண்டே சிரித்தாள். சாம்பாரில் ஒரு கடுகு கருகியிருந்தால் தட்டைத் தள்ளிவிடுகிற மனுசன் அல்லவா, அந்தக் குணம் மட்டும் போகவில்லை பாருங்கள் என்று அப்பாவின் கன்னத்தைத் தடவினாள். அவர் இல்லை என்று தலையைப் பலமாக ஆட்டினார். கோடு என்றார். எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். அவர் கையை ஓங்கிக் கட்டில் சட்டத்தில் அடித்தார்.

“சரிப்பா, சரி. நாளைக்கே இதைத் தூக்கிருவோம்,” என்றாள் சங்கரி.

நாளைக்கு எதற்கு, இப்போதே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்றார் ஞானப்பிரகாசம். உள்ளே இருக்கும் செம்புக் கம்பிக்காவது ஆகும். அவரும் கோமதிசங்கரும் டிவியைத் தூக்கினார்கள். அது கட்டிலைக் கடந்து போகும்போது ஆவுடைநாயகம் அதன் வயரைப் பிடித்துக்கொண்டார். சங்கரி அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள், பைய, குழந்தையிடமிருந்து எடுப்பதுபோல.

ஆட்டோவில் ஏற்றிவிட்டு ஞானப்பிரகாசம் கைகழுவக் கொல்லைக்கு வந்தார். சொர்ணாம்பாள் அங்கே நின்றிருந்தாள்.

“ஒரு நாள் ரெண்டு நாள்ல இப்பிடி வேகாதும்மா,” என்றார் குழாயைத் திறந்துகொண்டே.

“காப்பி குடிச்சிட்டுப் போ ஞானம்.”

அவள் திண்டிலிருந்த கண்ணாடி கிளாசை எடுக்கவில்லை. உள்ளே போய் ஆவுடைநாயகத்தின் பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளரில் காப்பி கொண்டுவந்தாள். ஞானப்பிரகாசம் பெயரைப் படித்தார். டம்ளரை வாயில் வைத்து உறிஞ்சிக் குடித்தார். கழுவாமல் அவள் கையிலேயே கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள்.

புது டிவி வாங்கி அனுப்புவதாகச் சங்கரி சொன்னாள். கொஞ்ச நாள் போகட்டும், அவருக்கும் கண்ணுக்கு ஓய்வு வேண்டும், ஆட்டம் பார்த்தால் ரத்த அழுத்தம் ஏறுகிறது என்றாள் சொர்ணாம்பாள். சங்கரிக்கும் அது சரியாகத்தான் பட்டது. திருவிழா முடிந்து ஊருக்குப் போனாள். போனில் பேசும்போது அப்பா இப்போது கையைக் காட்டிக் கத்துவதில்லை என்று கேட்டு நிம்மதி அடைந்தாள்.

அவர் கத்தவில்லை. அந்தச் சொல்லும் போய்விட்டது. டிவி இருந்த இரும்பு ஸ்டாண்டு மட்டும் எதிரே நின்றது. அதன் மேல் தூசி இல்லாத ஒரு சதுரம். அவர் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தார். சில நாளில் அதையும் பார்க்காமல் அவளைப் பார்க்கத் தொடங்கினார். அவள் கூடத்தில் பெருக்கினால் பெருக்குவதை, அரிசி பொறுக்கினால் பொறுக்குவதை.

“சொல்லுங்க. கோடு. சொல்லுங்க,” என்று ஒருநாள் அருகில் போய்ச் சொல்லிக்கொடுத்தாள். அவர் வாயைத் திறக்கவில்லை.

அவள் எழுந்து ஸ்டாண்டின் இடப்பக்கம் போய் நின்றாள். வளையல் சத்தம் கேட்டு அவர் கண் அவள் கைக்கு வந்தது. வெறும் இரும்பில் உள்ளங்கையால் தட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

சிறிது நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து தண்ணீர் டம்ளரைக் காட்டினார். அவள் டம்ளரைப் பார்த்தாள். ஸ்டாண்டின் மேலிருந்த சதுரத்தைப் பார்த்தாள்.

“ஆட்டம் முடியட்டும்,” என்றாள்.